படத்துக்கு மேலே ஒரு பல்பு

எலக்ட்ரீஷியனின் மனைவிக்கு இதய வால்வு பழுது. அதைவிடப் பெரிய வம்பு, ஏழு மணி சீரியலில் வருகிற மூத்த மருமகளுக்கும் அதே பழுது. நாலு வருஷமாகத் தினமும் பார்த்த முகம். "பாவிங்க, இன்னைக்கும் அவளைச் சாப்பிட விடலியே" என்று இவள் தட்டைத் தள்ளி வைத்த நாட்கள் உண்டு. சொந்த அக்கா கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டாள். சீரியல்காரி இருமினால் இவளுக்கு நெஞ்சடைக்கும்.

திங்கட்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவளுக்கு வெள்ளிக்கிழமைங்க. அவ பொழைச்சு எந்திரிக்கட்டும், நான் போய்ப் படுக்கறேன்."

"அது கதைடி!"

"கதைன்னு எனக்குத் தெரியாதா? இந்த நோவு வந்தவ எனக்கு வேற யாரு இருக்கா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவள்.

பொல்லாத நேரம் பாருங்கள், புதன்கிழமை அந்த சீரியலின் லைட்காரர் வரவில்லையென்று இவனை அவசரமாகக் கூப்பிட்டார்கள். "படத்துக்கு மேல சின்னதா ஒரு பல்பு தொங்க விடுப்பா. நடிகை சீரியலை விட்டு நின்னுட்டாங்க, ஆபரேஷன்ல செத்துட்டதா முடிச்சுட்டோம்" என்றார் மேனேஜர். நிமிர்ந்து பார்த்தால் கறுப்புச் சட்டத்துக்குள் மூத்த மருமகள் சிரிக்கிறாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது: ஒயரில் இரட்டை முடிச்சு, அதன்மேல் மஞ்சள் டேப். வீட்டு லைட்டுகளிலும் அதே முடிச்சுதான். "பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டின மாதிரி" என்று அவள் கேலி செய்வாள்.

வீட்டில் அவன் இதைச் சொல்லவில்லை, "தைரியமா இரு" என்பதோடு சரி. சொல்லித் தொலைத்திருக்க வேண்டும், மடையன்! வெள்ளிக்கிழமை ஆறரைக்கு மெயின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கரண்ட் போயிடுச்சு" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்தி. ஜன்னலுக்கு வெளியே தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு டிவிக்குப் போனாள்.

ஏழரைக்குத் திரும்பி வந்தாள். அழவில்லை.

"படத்தைக் கிட்டத்துல காட்டினாங்க. மேல ஒரு பல்பு. ரெட்டை முடிச்சு, மஞ்ச டேப்பு."

"நான் சொல்லலாம்னுதான்..."

"அவ சாகப்போறான்னு தெரிஞ்சுக்கிட்டேதான் மூணு நாளா என்னைத் தைரியமா இருன்னீங்களா?"

"யாரும் சாகலைடி! அந்தம்மா வேலையை விட்டுட்டு நல்லா இருக்காங்க!"

"அந்தம்மா யாரோ. நான் அந்த மருமகளைப் பத்திக் கேக்கறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கும் பல்பு வாங்கி வெச்சுட்டீங்களா?"

அவன் பையிலிருந்த ஃபியூஸைத் தடவிக்கொண்டு நின்றான்.

திங்கள் காலை பெட்டி கட்டினான், ஆட்டோவை வாசலில் நிறுத்தினான், காலைப் பிடித்துக் கெஞ்சினான். "இனிமே நீங்க சொல்றதுல எதை நம்பட்டும்?" என்றாள், கோபமே இல்லாமல்; ஆட்டோவில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தரம் போன் வந்தது. மூன்றாம் தரம், படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் டிவி முன்னால் உட்கார்ந்தாள். சீரியலில் அந்தப் படத்துக்கு மேலே பல்பு எரிந்தது.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள்.