மார்த்தா கொடுக்க நினைத்தது

பர்மாவின் தன்லியின் ஊரில் ஒரு கிடங்கின் பின்புறம் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது ஞானசுந்தரத்தைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து அவன் உயிரைக் காப்பாற்றியது, சிறுநீரகங்களைக் காப்பாற்றவில்லை. டயாலிசிஸ் செய்துகொண்டே இருந்தும் உடம்பின் வீக்கம் வடியவில்லை.

தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தாள் அக்கா மார்த்தா. ஷ்வேப்யிதாவில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் பல வருடமாக வேலை பார்ப்பவள் அவள். அடிக்கடி வரும் வயிற்றுவலியைத் தவிர தனக்கு ஒரு குறையும் இல்லை என்றே நம்பியிருந்தாள்.

பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார். "மார்த்தா, உங்க சிறுநீரகமே பாதி கெட்டுப்போச்சு. ஈயம் செஞ்ச வேலை. இதுல ஒண்ணை எடுக்க முடியாது."

தம்பியின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வீங்கிய கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த வேலைக்கு இனிமே போகாதக்கா."

"சாப்பாட்டுக்கு என்னடா செய்யறது?"

"தெரியல. ஆனா நீயும் இந்தக் கட்டில்ல வந்து படுக்கக்கூடாது. நான் ஒருத்தன் போதும்."

மழைக்காலம் முடியுமுன் ஞானசுந்தரம் இறந்துபோனான். அடக்கம் முடிந்த சில நாளில் பட்டறையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். மார்த்தா போகவில்லை. தின்கன்ஜூனில் ஒரு வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். தம்பிக்கு உப்பில்லாமல் சமைத்துப் பழகிய கை, முதல் நாள் அந்த வீட்டுக் குழம்பிலும் உப்புப் போட மறந்துவிட்டது.