வாடாமல்லியும் புது ஸ்கேனரும்

லோகுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் அவன் கம்பெனியில் பழைய ஸ்கேனர் உயிரை விட்டபோது, "புதுசு வாங்கிப் போடுங்க சார், பழைய புரொஃபைல அப்டியே தூக்கி வெச்சா வேலை முடிஞ்சிது" என்று முதலாளியிடம் சொன்னவன் அவன்தான். ஸ்கேனர் அனுப்பும் எண்ணைப் பார்த்து, இது இன்ன நிறம் என்று கணினிக்குச் சொல்லும் குறிப்புதான் புரொஃபைல். ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றுக்குப் பொருந்தாது என்று பன்னிரண்டு வருஷம் கணினி முன்னால் உட்கார்ந்தவனுக்குத் தெரியாமல் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

பொதட்டூர்பேட்டை நெசவாளர் சங்கத்தின் சேலைப் பெட்டிதான் முதல் வேலை. சேலைத் துணியையே ஸ்கேன் செய்து மூடியில் அச்சடிக்க வேண்டும். வாடாமல்லி நிறச் சேலை கத்திரிக்காய் நிறத்தில் வந்து விழுந்தது. சங்கச் செயலாளர் தணிகைவேல் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க சேலை இது இல்ல நைனா. வெள்ளிக்கிழமை வரேன். அப்பவும் இப்டி இருந்தா நகரி பிரஸ்ல குடுத்துக்குறேன்" என்று கிளம்பிவிட்டார்.

"அப்பவும் சரியில்லன்னா நீ பேக்கிங்குக்குப் போய்டு" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை.

பக்கத்து நாற்காலி ஜெனிபர் லீவு முடிந்து மீஞ்சூரிலிருந்து வந்தது புதன்கிழமை. வந்ததும் ஒரே கேள்வி. "அண்ணா, இதுல ஆட்டோவ ஆஃப் பண்ணீங்களா?"

பண்ணவில்லை. புது ஸ்கேனர் படத்தைத் தானாகவே பளிச்சென்று ஆக்கித்தான் கொடுக்குமாம். "மேக்கப் போட்டுக்கினு வந்து நின்னா யாருன்னு எப்டி கண்டுபுடிக்கிறது?" என்று ஆட்டோவை அணைத்தாள். கத்திரிக்காய் கொஞ்சம் இறங்கியது. வாடாமல்லி வரவில்லை.

கடையில் விற்கும் நிற அட்டையை வைத்துப் புது புரொஃபைல் எழுதிவிடலாம் என்றான் லோகு.

"அட்டையில இருக்கிறது மை, இது சாயம். ஸ்கேனர் கண்ணுக்கு ரெண்டும் வேற வேற. துணிக்குன்னு நாலு வருஷமா திருத்தித் திருத்தி வெச்ச புரொஃபைல ஏன் தூக்கிப் போடணும்? புதுச பழசு மாதிரி பேச வெப்போம்ண்ணா."

பிஸ்கெட் டப்பா ஒன்றைத் திறந்தாள். பழைய ஸ்கேனரில் வைத்த ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு வெட்டி, கோப்பு எண் எழுதி, கறுப்பு உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். அறுபத்து மூன்று துண்டுகள். டெய்லர் கடையா வைக்கப்போறே என்று கிண்டல் செய்ததும் லோகுதான்.

அதே துண்டுகளை இப்போது புது ஸ்கேனரில் வைத்தாள். பழைய கோப்பில் இருந்த நிற எண், புதிதாக வந்த நிற எண், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அவள் சொல்லச் சொல்ல லோகு குறித்தான். நடுவே நான்கைத் தள்ளி வைத்தாள். "இதெல்லாம் வெளுத்துப்போச்சு. பொய் சொல்லும்."

லோகுவுக்கு வெளுப்பே தெரியவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய், ஓர மடிப்பைப் பிரித்து உள்ளே பார்த்த பிறகுதான் துளி வித்தியாசம் பிடிபட்டது. பொறாமைப்பட்டிருக்கலாம். அவனுக்கு என்னவோ பெருமையாகத்தான் இருந்தது. இப்படி ஒரு கண்ணைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாலு வருஷம் கிண்டலடித்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வித்தியாசங்களை எல்லாம் ஒரே திருத்தமாக்கி, பழைய புரொஃபைலுக்கு முன்னால் நிறுத்தினாள். புது ஸ்கேனரின் எண் அதில் பழைய எண்ணாக மாறித்தான் புரொஃபைலுக்குப் போகும். வியாழக்கிழமை வேலை முடியும்வரை இருந்து, வீட்டுக்குப் போகும் இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதைப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தணிகைவேல் வந்தார். புதிதாக அச்சடித்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சுருங்கியது.

"இங்க ஒரு இழை அறுந்துகீது பாரு." விரலால் அட்டையைத் தேய்த்தார். போனை எடுத்துச் சங்கத்துக்கு அடித்தார். "முத்தம்மா, அந்த வாடாமல்லி எந்தத் தறிம்மா? இன்னாத்த பாத்துக்கினு நெஞ்சானுங்க?"

முதலாளி மெதுவாகக் கேட்டார். "சார், கலர்..."

"கலருக்கு இன்னா? சேலையில பழுதுன்றேன், நீ கலரு கேக்குற!"

முதலாளி முகம் மலர்ந்தது. "பரவால்லயே லோகு" என்று தோளில் தட்டினார்.

லோகு அந்தக் கையைப் பிடித்து இறக்கினான். "நான் இல்ல சார்," என்றான். "ஜெனிபர்."