அசையாத முகம்

அவன் அப்பாவின் கன்னங்களை இரண்டு கை விரல்களாலும் முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடா பண்ற?”

“சதை காதுப் பக்கம் இறங்கிருச்சுக்கா. படுத்தா இறங்கும். அம்மாவுக்கு அதான் வேற ஆள் மாதிரி தெரியுது.”

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்ததும் அம்மா அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். “இது உங்கப்பா இல்ல. யாரையோ மாத்திக் குடுத்துட்டாங்க” என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தவள்தான், அசையவில்லை. அவள் வந்து முகம் பார்க்காமல் எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. வண்டி வாசலில் நின்றது.

முகத்துச் சதையைத் துல்லியமாக அளக்க எந்த முறை நல்லது என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. படுக்கவைத்து எடுக்கும் ஸ்கேன், உட்காரவைத்துச் சுற்றிலும் கேமராக்கள் ஒரே நொடியில் எடுக்கும் படம், முகத்தின் மேல் ஆற அமர ஊர்ந்து போகும் லேசர். மூன்றையும் வருஷக்கணக்கில் ஒப்பிட்டு அவன் கண்டறிந்த மாபெரும் உண்மை, படுத்தால் கன்னம் சரியும் என்பது.

“உங்கம்மாவக் கேட்டிருந்தா கல்யாணமான மறுநாளே சொல்லியிருப்பாளே, மில்லிமீட்டர்” என்றார் அப்பா, அதைக் கேட்ட அன்று. மகனுக்கு அவர் வைத்த பெயர் அது. கேலி செய்தாரே தவிர, கூப்பிட்டபோதெல்லாம் அளவு கொடுக்க ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

கூடத்துக்குப் போய் லேப்டாப்பை அம்மாவின் மடியில் வைத்தான். “இதப் பாரும்மா. உக்காந்திருக்கறப்ப எடுத்தது. அதே மூக்கு, அதே தாடை.”

உதடுகள் ஒட்டி, பார்வை வெறித்து, அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாத அப்பா.

“இதுவும் அவர் இல்ல.”

அடுத்ததைக் காட்டினான். அதற்கடுத்ததையும்.

“எல்லாமே செத்துப்போனவர் மாதிரிதான்டா இருக்கு. வாய மூடிட்டு எப்ப இருந்தாரு அவரு?”

“பேசினா அளவு தப்பிரும்மா. நான்தான் பேசாதீங்கன்னு சொன்னேன்.”

“உன்கிட்டப் பேசத்தான்டா அங்க வந்தாரு” என்றாள் அக்கா, பின்னாலிருந்து. “வீட்டுல நீ எங்க இருந்த?”

அவன் திரையையே பார்த்தபடி, கழித்துக்கட்டிய படங்களைப் போட்டுவைத்திருந்த இடத்தைத் திறந்தான். லேசர் பாதி முகத்தைத் தாண்டுவதற்குள் அப்பா ஏதோ சொல்லிச் சிரித்துக் கெடுத்த படம் அங்கே கிடந்தது. மூக்கு கோணி, ஒரு கண் காணாமல், ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வாய். அன்று அவன் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன்பின் அந்த நாற்காலியில் அப்பா வாயே திறக்கவில்லை. அளவுகள் அற்புதமாக வந்தன.

அம்மா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ம். இவர்தான்” என்றாள். “ஒரு வாய்க்கா அந்தப் பேச்சு பேசினாரு.”

எழுந்து அறைக்குள் போனாள். அவன் அவளுக்கு முன்னால் ஓடி, மறுபடி கன்னங்களைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். அம்மா தலைமாட்டில் நின்றாள்.

“அன்னைக்கு என்னடா சொல்லிச் சிரிச்சாரு?”

“கவனிக்கலம்மா.”

வாசலில் வண்டிக்காரர் இருமினார்.

“கைய எடுடா” என்றாள் அம்மா.

எடுத்தான். கன்னம் மெதுவாகக் காதுப் பக்கம் இறங்கியது.