இரண்டு விசில்

தேர்தல் முடியும்வரை அந்தப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆளுக்கொரு கட்சி. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். அதற்குமேல் அவர்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது.

முடிவு வந்த அன்று டிப்போவில் நடத்துநர் டீயோடு வந்து நின்றான்.

"எலெக்‌ஷன் போய்த் தொலையுதுண்ணே. நாம ஒண்ணா இருப்போம்."

தோற்ற கட்சிக்காரரான ஓட்டுநருக்கு மனசு இளகிவிட்டது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததைக் கொட்டினார்.

"எங்க தலைவர் உங்க ஆளுங்களை வாய்க்கு வந்தபடி பேசினப்ப எனக்கே உடம்பு கூசிச்சுப்பா. ஆனாலும் கை தட்டிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

மறுநாள் காலை மூன்றாவது நிறுத்தம்கூடத் தாண்டவில்லை. பின்சீட்டில் யாருடைய போனிலிருந்தோ முந்தின நாள் டிப்போவில் பேசிய ஓட்டுநரின் குரலே கேட்டது. பயணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார்.

நடத்துநர் இளித்தான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்களை மாதிரி எல்லாரும் ஒத்துக்கிட்டா நாட்டுல சண்டையே வராதேன்னுதான் குரூப்ல போட்டேன்."

"ஏம்பா, அந்த டீயை நீட்டும்போதே போன் ஓடிட்டிருந்துச்சா?"

நடத்துநர் இரண்டு விசில் அடித்தான்.