இருபத்தொரு மீன்களும் ஒரு முறைப்பும்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் மெர்வினுக்கும் டார்சிக்கும் பதினோரு வருடப் பகை. ஒரு பவளத் துண்டில் ஆரம்பித்தது. யார் யாரை ஏமாற்றியது என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. பகை மட்டும் ஞாபகமிருந்தது. மீன் வளர்ப்போர் சங்கப் போட்டியின் முதல் பரிசான நீல ரிப்பனை நான்கு வருடமாக டார்சியே அடித்துக்கொண்டு போனான்.

இந்த முறை விடுவதில்லை என்று மெர்வின் இருபத்தொரு கார்டினல் மீன்களை வாங்கி வீட்டுப் பவளத் தொட்டியில் விட்டான். விரல் நீளம்கூட இல்லை. முள் தெரிகிற கண்ணாடி உடம்பு. வந்த புதிதில் மிரண்டுபோய் ஒரே பந்தாக நீந்தின. பயம் தெளிந்ததும், பந்தி முடிந்த விருந்தாளிகள் மாதிரி ஆளுக்கொரு இடுக்கில் சாய்ந்துகொண்டன. இந்த மீன்கள் பயந்தால்தான் கூடும். மற்றவர்கள் மிரட்டலுக்கென்றே பெரிய மீன் ஒன்றை உள்ளே விடுவார்கள். மெர்வின் விடவில்லை, மிரட்டுகிற மீனுக்குப் பசியும் எடுக்குமே.

சங்கத்தின் விதியோ கறார்: பத்து நிமிடம் கூட்டம் கலையக் கூடாது.

ஞாயிறு காலை நடுவர் ஹெய்டி கடிகாரத்தோடு வந்தாள். போட்டியாளன் என்ற உரிமையில் டார்சியும் கூடவே நுழைந்தான்.

"என்னய்யா மெர்வின், உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம மீனெல்லாம் ஒளிஞ்சுகிட்டு இருக்கு?"

"உன் தொட்டியில பாசிக்குள்ள மீனே தெரியாதேய்யா!"

"என் தொட்டி ரிப்பன் வாங்கின தொட்டி. நாலு."

"நாலையும் கோத்துக் கழுத்துல மாட்டிக்க. சந்தைக்குப் போற மாடு மாதிரி இருப்ப."

மீன்கள் சட்டென்று ஒரே பந்தாயின. ஹெய்டி கடிகாரத்தை அமுக்கினாள்.

டார்சியின் முகத்தைக் கண்டுதான் பயம் என்று மெர்வினுக்குப் புரிந்தது. டார்சிக்கும் புரிந்தது. உடனே குரலில் தேன் வழிந்தது. "ரொம்ப அழகான தொட்டிப்பா. நான் வெளிய நிக்கறேன்."

போய்விட்டான். மெர்வின் தொட்டியையே முறைத்துக்கொண்டு நின்றான். ஆனால் மீன்பந்து கலையவில்லை. மனைவி நோலீன் காதருகே வந்தாள்.

"அதுங்க அவனப் பாக்கலப்பா. நீ முறைக்கிறியே, அதைத்தான் பாக்குது."

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். மீனாக இருந்தால் அவனே ஓடியிருப்பான்.

சரி என்று முறைத்தான். டார்சி பதினோரு வருடமாகப் பேசிய பேச்சையெல்லாம் வரிசையாக நினைத்து முறைத்தான். ஒன்பதாவது நிமிடத்தில் கோபத்தின் இருப்பு தீர்ந்தது. ரிப்பன் கைக்கு வரப்போகிற சந்தோஷம் வேறு உதட்டோரம் எட்டிப் பார்த்தது. மூன்று மீன்கள் கூட்டத்தின் ஓரத்துக்கு நழுவின. நான்காவது கொட்டாவி விட்டது.

நோலீன் மறுபடி குனிந்தாள். "போன சங்கத் தேர்தல்ல நான் டார்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

தலைவர் பதவிக்கு நின்ற மெர்வின் ஒரே ஓட்டில் தோற்ற தேர்தல் அது.

மீன்கள் அப்படி நெருக்கியடித்தன, ஒரே மீன்தான் இருக்கிறதென்று ஹெய்டி எழுதிவிட்டு அடித்துத் திருத்தினாள். "பத்து!" என்றாள்.

எல்லோரும் போனபின் ரிப்பனும் கையுமாக மெர்வின் சமையலறை வாசலில் நின்றான். "சும்மாதானே சொன்ன?"

நோலீன் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். "டீக்குப் பால் ஊத்தவா, வேண்டாமா?"

அந்த மீன்கள் இன்றுவரை பிரியவில்லை.