குல்சும் திரைக்குப் பின்னாலிருந்து பிரெஞ்சு பேசிய நாள்

சீனி முகம்மது சைகோனில் கடையை மூடிவிட்டுப் பாம்பனுக்கு வந்து இறங்கியபோது, மனைவி ரம்ஜான் பீவியும் மகள் குல்சுமும் நான்கு மரப்பெட்டிகளும் ஒரு சாப்பாட்டு மேசையும் கூட வந்தன. பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்பது மறுநாள் மத்தியான லுஹர் தொழுகைக்குள் எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. மேசையைப் பற்றி மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் அது எதற்கு என்று நான் நேராகவே கேட்டேன். பேசாமல் இருந்து பழக்கமில்லை. மகள் படிப்பதற்கு என்றார் ரம்ஜான் பீவி.

படிப்பென்றால் சாதாரணப் படிப்பில்லை. சைகோனில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண். இங்கே தங்கச்சிமடத்துக் கன்னியர் பள்ளியில், மேல் வகுப்பில், பிரெஞ்சை விருப்பப் பாடமாக எடுத்திருந்தாள். அந்தப் பாடத்துக்கு ஒரே மாணவி. சொல்லிக்கொடுக்கவும் ஒரே சிஸ்டர், பேர் மர்த்தீன், பிரான்சிலிருந்தே வந்தவர். திரை கட்டிய மாட்டுவண்டியில் குல்சும் போய் வருவாள். வண்டிக்குள்ளிருந்து பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்கும். மாடு வண்டிக்காரர் மூக்கையாவின் அதட்டலுக்குக்கூட அப்படிக் காதை ஆட்டியதில்லை.

பாஷை மட்டும் படித்தால் போதாதாம். அந்தப் பாஷை பேசுகிறவர்களின் நடை உடை பாவனை எல்லாம் படிக்க வேண்டுமாம். பாரிசில் என்ன ஆறு ஓடுகிறது, எந்த மாதம் திராட்சை பறிப்பார்கள், பாலாடைக்கட்டியை எதற்கு முன்னால் சாப்பிட வேண்டும், எதற்குப் பின்னால் சாப்பிட வேண்டும். ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு சீமை இருக்கிறது, அங்கே ஐந்து வேளையும் தொழுதுவிட்டுப் பிரெஞ்சு பேசுகிறார்கள் என்று குல்சும் சொன்ன அன்றைக்குத்தான் எங்கள் தெரு அந்தப் பாஷையைக் கொஞ்சம் நல்ல முகத்தோடு பார்த்தது.

இதற்கு நடுவில் சங்கு வியாபாரி வாவு முகம்மது தன் மகனுக்குக் குல்சுமைக் கேட்டு வந்தார். பையன் நல்லவன். அவன் வாய் திறந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை, அதனால் நல்லவன் என்றே வைத்துக்கொண்டோம். குல்சுமுக்கோ பாண்டிச்சேரிக் கல்லூரியில் படித்து பிரெஞ்சு வாத்தியாராக வேண்டும் என்று ஆசை. ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் சீனி முகம்மது பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் கேட்க ஒரு வார்த்தை சொன்னார். பரீட்சையில் தேறினால் பாண்டிச்சேரி, தவறினால் நிக்காஹ். தேறமாட்டாள் என்று அவர் நினைத்தாரா, தேறுவாள் என்று நினைத்தாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

எழுத்துப் பரீட்சை முடிந்தது. வாய்ப் பரீட்சையில்தான் வம்பு. பாண்டிச்சேரியிலிருந்து பரீட்சை வைக்க முசியே சவரிராயன் என்கிறவர் (முசியே என்றால் பிரெஞ்சில் ஐயாவாம்) வந்து, மாணவியை மேசையில் உட்கார வைத்து, சாப்பிட்டபடியே பிரெஞ்சில் பேசிப் பார்ப்பாராம். பிரெஞ்சுக்காரர்கள் சாப்பாட்டு மேசையில்தான் பேசுவார்களாம், அதுவே ஒரு பாடமாம். அந்நிய ஆம்பிளைக்கு எதிரே உட்கார்ந்து என் மகள் சாப்பிடுவதா என்று சீனி முகம்மது குதித்தார். சிஸ்டர் மர்த்தீன் கடுதாசிக்கு மேல் கடுதாசி போட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பரீட்சை வீட்டிலேயே நடக்கும். முசியே மேசையில் இருப்பார், குல்சும் திரைக்குப் பின்னால் இருப்பாள்.

அன்றைக்குத் திரைக்குப் பின்னால் குல்சும் மட்டும் இருந்தாள் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. தெருவில் நடக்க முடிந்த பெண்கள் அத்தனை பேரும் இருந்தோம். பக்கத்து வீட்டு ஆமினா நாச்சியா திரையில் நல்ல ஓட்டையாகப் பார்த்து முதலிலேயே இடம் பிடித்துக்கொண்டாள்.

குல்சும் தாயிடம் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். முதலில் சூப்பு மட்டும். அது முடிந்த பிறகு மீன் மட்டும். அப்புறம் கறி. அப்புறம் இலை தழை. கடைசியில் இனிப்பு. ரம்ஜான் பீவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேசையில் கத்தி, முள்கரண்டி, கண்ணாடிக் கிண்ணம் எல்லாம் வைத்தாயிற்று. சிஸ்டர் மர்த்தீனோடு முசியே வந்தார், வாசலில் பூட்சைக் கழற்றினார், உட்கார்ந்தார். சூப்பு போனது. வெறும் சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருப்பதை ஓட்டை வழியாகப் பார்த்த ரம்ஜான் பீவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாண்டிச்சேரி போயி என்ன சொல்லுவாரு? சீனி முகம்மது வீட்டுல தண்ணிக் கஞ்சி ஊத்தி அனுப்புனாங்கன்னு சொல்லுவாரு” என்றார்.

குல்சும் தடுக்குமுன் பெரிய சகன் வெளியே போய்விட்டது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டு அது. நெய்ச்சோறு மலையாக, அதன்மேல் ஆட்டுக்கறி, கோழிப் பொரியல், தால்சா, ஓரத்தில் இனிப்புக்கு வட்டிலப்பம், எல்லாம் ஒன்றாக. மேசையில் அதற்கு இடமில்லாமல் கத்தியும் முள்கரண்டியும் கீழே விழுந்தன. சீனி முகம்மதும் பக்கத்தில் நின்றுகொண்டு, முசியே கையை எடுக்கும்போதெல்லாம் இன்னொரு துண்டு வைத்தார். வேண்டாம் என்று சொல்கிற விருந்தாளிக்கு வைக்காமல் விடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

முசியே மூச்சு வாங்கிக்கொண்டே கேள்வி கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து குல்சும் பொழிந்தாள். ஆறு, மாதா கோயில், திராட்சை, புரட்சி, அதில் வெட்டின ராஜா தலை எல்லாம் தடையில்லாமல் வந்தது. சிஸ்டர் மர்த்தீன் எதிர் நாற்காலியில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். முசியேயின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது. பேனாவை மூடினார்.

“இது பேசுறது இல்லை, படிக்கிறது. அந்தப் பக்கம் புத்தகத்தைத் திறந்து வச்சிருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று தமிழிலேயே சொன்னார்.

சிஸ்டர் சட்டென்று, புத்தகத்தில் இல்லாததாக ஒன்று கேளுங்கள் என்றார். முசியே யோசித்தார். இப்போது இந்த அறையில் என்ன நடக்கிறது, அதைச் சொல்லட்டும் என்றார்.

குல்சுமின் வாய் அடைத்துப்போனது. மனப்பாடம் பண்ணாத கேள்வி. வாவு முகம்மதுவின் மகன் வாய் திறக்காமல் வந்து நிற்பது அவள் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். பாவமாக இருந்தது எனக்கு.

ஆமினா நாச்சியா அவள் விலாவில் இடித்தாள். “என்னடி முழிக்கிறே? மனுசன் மேசைக்கு அடியில பூனைக்கு எலும்பு போடுறாரு. அதைச் சொல்லு.”

“லாத்தா, விருந்தாளியைப் போயி அப்படிச் சொல்லலாமா?” என்றாள் குல்சும், அவளை அக்கா முறை வைத்து.

“நாமளா சொல்றோம்? அவருதானே கேக்குறாரு.”

குல்சும் பூனையைச் சொன்னாள். சிஸ்டர் மர்த்தீன் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. இடது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது என்றேன் நான். மீசையில் நெய் என்றது இன்னொரு குரல். இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்திவிட்டார், இப்போது ரெண்டாவது துளைக்குப் போகிறார் என்றாள் ஆமினா நாச்சியா. வேண்டாம் வேண்டாம் என்கிறார், கண் வட்டிலப்பத்தில் இருக்கிறது என்றார் ரம்ஜான் பீவியே. நாங்கள் இந்தக் காதில் போடப் போட, குல்சும் அந்தப் பக்கம் பிரெஞ்சாக அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் எங்களை எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அவளே ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

முசியேயின் காது சிவந்தது. பூனைக்கு நான் போடவில்லை என்று பிரெஞ்சில் மறுத்தார். அப்படியானால் பூனை ஏன் உங்கள் காலை மட்டும் உரசுகிறது என்றாளாம். அவர் எழுந்து நின்று சகனைக் காட்டிக் கத்தினார். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி வைப்பது எந்த ஊர் பிரெஞ்சுப் பழக்கம் என்று கேட்டாராம். இவள் விடவில்லை. பாரிசில் இல்லை, செனகலில் உண்டு. அங்கேயும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். பாடத்தில் அதுவும் இருக்கிறது, பரீட்சை வைக்கிறவர் படிக்காவிட்டால் நான் என்ன செய்வது என்றாளாம். இதெல்லாம் அப்புறம் சிஸ்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் தெருக் குழாயடியில் தினமும் நடக்கிறது அங்கே வேறு பாஷையில் நடந்தது.

சைகோன் கடையில் கற்ற பிரெஞ்சு கொஞ்சம் இருந்ததால் சீனி முகம்மதுவுக்குப் பாதி புரிந்துவிட்டது. விருந்தாளியை மகள் இப்படிப் பேசுகிறாளே என்று ஆடிப்போனார். “புள்ளே, வாயை மூடு” என்றார். குல்சும் மூடினாள். முசியே சவரிராயன் ஏதோ எழுதிக்கொண்டார், வட்டிலப்பத்தை முழுதாகத் தின்றார், பூட்சை மாட்டினார், ரயிலுக்குப் போய்விட்டார்.

தவறிவிட்டாள் என்றே எல்லோரும் முடிவுகட்டினோம். குல்சும் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தாள். சீனி முகம்மது கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற வாவு முகம்மது வீட்டுக்குக் கிளம்பினார். ஆனால் அவர் போய்ச் சேருவதற்கு முன்பே காலுறையும் பூனையும் இடுப்பு வாரும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. யார் கொண்டுபோனார்கள் என்று என்னைப் பார்க்க வேண்டாம். நான் ரெண்டு வீட்டில் மட்டும்தான் சொன்னேன். வாவு முகம்மதுவின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்தே அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்:

“காக்கா, உங்க புள்ளை நல்ல புள்ளைதான். எங்க வீட்டுல பேசுறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். அது போதும்.”

மகளைக் கொடுக்கப் போன மனிதர் அவமானத்தோடு திரும்பி வந்தார். ரம்ஜான் பீவி ஒப்பாரியே வைத்துவிட்டார். கல்லூரியும் இல்லை, கல்யாணமும் இல்லை என்று தெருவே அனுதாபப்பட்டது. அதில் எங்களுக்கு ஒரு சுகமும் இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து சிஸ்டர் மர்த்தீன் வெயிலில் வியர்த்து விறுவிறுக்க வந்தார். தேறிவிட்டாள் என்றார். மேசைப் பழக்கத்துக்கு முசியே பூஜ்யம் போட்டிருந்தார். பேச்சுக்கு முழு மதிப்பெண். இத்தனை வருஷத்தில் என்னோடு சண்டை போட்ட மாணவி இவள் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லோரும் கோயிலைப் பற்றி ஒப்பித்துவிட்டுப் போனார்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தாராம்.

ரயிலடிக்குத் தெருவே போனது. சீனி முகம்மது மகளை விட்டுவிட்டு வரத் தானும் ஏறினார். ரம்ஜான் பீவி ஒரு மாசத்துக்குத் தாங்குகிற தின்பண்டத்தை டின்னில் அடைத்துக் கொடுத்தார். ஆமினா நாச்சியா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். பூனையைப் பார்த்தது தான்தானே, சர்டிபிகேட்டில் தன் பேரையும் போட்டால் என்ன என்று அவளுக்கு. குல்சும் ஜன்னலிலிருந்து எட்டி அவள் கையைப் பிடித்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள, கேட்ட சத்தத்தை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் வரைக்கும் போனேன். சிஸ்டர் மர்த்தீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்ல மறுத்துவிட்டார்.