குண்டூசியின் சுற்றளவு

தராசில் ஒன்பது கிலோ இருநூறு என்று விழுந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி எட்டு. ஆறரைக்குக் கொண்டுவரச் சொன்னேன், நீங்க எதிர்ப்பக்கம் போயிருக்கீங்க" என்றார் நாய் டாக்டர். "மூச்சைக் கேளுங்க. இன்னும் ஒரு கிலோ ஏறினா இதயம் தாங்காது. பேரென்ன சொன்னீங்க?"

"குண்டூசி."

"ஊசியைக் காணோமே!"

தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கையளவு குட்டியாக வந்தபோது அவள் கணவன் வைத்த பெயர் அது. அவன் போய் ஏழு மாதம். சர்க்கரை நோய் அவனைக் கால்விரலில் தொடங்கித் தின்று தீர்த்தது. அவன் விட்டுப்போனவற்றில் மூச்சுவிடுவது இந்த நாய் ஒன்றுதான்.

"உங்க தராசு தப்பு. நான் சோறு அளந்துதான் வைக்கிறேன். வாராவாரம் வயித்தையும் அளக்கிறோம். இருபத்தொண்ணு இஞ்சு இருந்தது பத்தொன்பது ஆயிடுச்சு" என்றவள், கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, டாக்டர் பிடித்துக்கொள்ள, அங்கேயே நாயைச் சுற்றினாள். இருபத்துமூன்று.

கதவோரம் நின்ற நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

நாயை அளக்க இரண்டு பேர் வேண்டும். தையல்காரி பிடித்துக்கொள்வாள், கணவனின் தங்கை டேப்பைப் பார்த்து எண்ணைச் சொல்வாள். கடையிலும் அப்படித்தான். இடுப்பளவைக் கேட்டு முகம் சுண்டுகிற வாடிக்கைக்காரிகளுக்கு நாத்தனார் இரண்டு இஞ்சு குறைத்து வாயால் சொல்வாள், சரியான அளவை அப்புறம் சீட்டில் எழுதித் தருவாள். இவளே சொல்லிக்கொடுத்த தொழில் நாசூக்கு. நாய்க்கு மட்டும் சீட்டு வரவில்லை. அடர்ந்த ரோமத்துக்குள் பெருத்தது தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியவும் இல்லை.

"என்கிட்டயே கடை வேலையைக் காட்டினியா?"

"குறைஞ்சிருக்குன்னு சொன்னா உங்க மூஞ்சி தெளியுது அண்ணி. வேற எதுக்குச் சிரிக்கிறீங்க நீங்க?"

"தீனி போட்டது யாரு?"

"அண்ணன் நாற்காலிக்கு அடியில உக்காந்துக்கிட்டு அண்ணாந்து பாக்குது. மனசு கேக்கலை. ஒரு பிஸ்கட்டு…"

"ஒரு பிஸ்கட்டுக்கா ஒரு கிலோ ஏறும்? புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தையல்காரிக்கு வேறொரு அளவு நினைவுக்கு வந்தது. காலையில் அவள் கடை திறக்கப் போய்விடுவாள். கணவனின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, போனில் எண்ணைச் சொன்னது யார்? நூற்று நாற்பது அண்ணி. நூற்று முப்பத்தைந்து அண்ணி. புண் எலும்பைத் தொட்ட நாள்வரை நூற்று நாற்பதுக்கு மேல் அவள் கேட்டதே இல்லை.

"அவருக்கும் இப்படித்தான் சொன்னியாடி?"

டாக்டர் மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

"நானா சொல்லலை. அண்ணன்தான், 'உங்க அண்ணி கத்துவா, குறைச்சே சொல்லு'ன்னாரு."

"கத்தியிருப்பேன்! தெருவே கூடற மாதிரி கத்தியிருப்பேன்! அந்த மனுஷன் உயிரோட உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருப்பாரு!"

நாத்தனார் அழுதாள். தையல்காரி அவளைத் தேற்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி நடக்கவிடலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, நாயைத் தெருவில் இறக்கிவிட்டாள்.

பத்தடி நடந்து, ஒரு கடைப் பலகையின் நிழலில் அது தொப்பென்று உட்கார்ந்தது. நாக்கு தரையைத் தொட்டது. நாத்தனார் தூக்கக் குனிந்தாள்.

"தொடாதே."

"இரைக்குது அண்ணி, பாவம்."

"உன் பாவம் பார்க்கிற கையை எடு. உங்க அண்ணனைப் பாவம் பார்த்தது போதும்."

எத்தனை நேரமானாலும் சரி என்று தையல்காரி நாயின் கழுத்து வாரைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்தவனை ஏழு மாதமாக ஒரு சொல் திட்டாதவள், அந்த நடைபாதையில் நின்று வாய்க்குள்ளேயே அவனைத் திட்டத் தொடங்கினாள். திட்டி முடிவதற்குள் குண்டூசி எழுந்து, இன்னும் ஆறடி நடந்து, மறுபடி உட்கார்ந்தது.

அவளும் ஆறடி நடந்து நின்றாள்.